பிழை எங்கே? எஃப்8 ஒரு பக்கம், அம்புக்குறி ஒரு பக்கம்!

ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், "கணக்கில் 6,500 குறைகிறதே, எங்கே சார் போச்சு?" என்று யாராவது எழுந்து கேட்டால், பதில் சொல்ல வேண்டியவருக்கு அது லட்ச ரூபாய்க்குச் சமம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அப்படித்தான் நடந்தது. பதில் சொல்ல வேண்டியவர் பொருளாளர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய்க்குக்கூட ரசீது கேட்கிற ரகம். அவர் ரசீதுப் புத்தகத்தைக் காட்டி, "என் கைக்கு வந்தது 72,500. பேங்க்கில் இருப்பதும் 72,500. கம்ப்யூட்டர் ஏன் வேறு மாதிரி சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குச் சிலர் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த எக்செல் ஃபைலை உருவாக்கிக் கொடுத்தவன் நான்தான்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "தம்பி, பரவாயில்லை. பென்ஷன் வந்ததும் நானே போட்டு விடுகிறேன். பேச்சு வேண்டாம்" என்றார். அன்றிரவு நான் தூங்கப் போகாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த வார்த்தைதான். அந்த இரவில் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஒரே ஃபைல், இரண்டு மொழிகள்

என் ஃபைலில் பாதி வேலையை ஃபார்முலாக்கள் செய்தன. மீதிப் பாதியை, எக்செலோடு வரும் விபிஏ மொழியில் நான் எழுதிய மேக்ரோ செய்தது. இரண்டும் ஒரே ஃபைலுக்குள் இருந்தாலும், புரோகிராமிங் உலகில் இவை இரண்டு வெவ்வேறு குடும்பங்கள்.

விபிஏ, சி, ஜாவா போன்றவற்றை இம்பரேட்டிவ் மொழிகள் என்பார்கள். கட்டளை போடும் மொழிகள். "இதைச் செய், பிறகு அதைச் செய், இந்த வேரியபிளில் இதைப் போட்டு வை, பத்து முறை திரும்பச் செய்" என்று வரிசையாகச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகச் செய்கிறது. வழியில் வேரியபிள்களின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

மற்றொரு குடும்பம் ஃபங்ஷனல் மொழிகள். லிஸ்ப், ஹேஸ்கல், ஓகேமல், எர்லாங் எல்லாம் இந்தப் பக்கம். இங்கே "எப்படிச் செய்" என்பதைவிட "எது எதற்குச் சமம்" என்று சொல்வதுதான் முக்கியம். வட்டி என்றால் அசல் பெருக்கல் காலம் பெருக்கல் விகிதம். அவ்வளவுதான். ஹேஸ்கல் போன்ற சுத்தமான ஃபங்ஷனல் மொழியில், ஒரு பெயருக்கு ஒருமுறை கொடுத்த மதிப்பு பிறகு மாறாது.

"ஃபங்ஷனல் மொழியெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக் கொண்டுதான் இருக்கிறீர்கள். எக்செல் ஃபார்முலா அந்த வகைதான். ஒரு செல்லில் ஃபார்முலா எழுதும்போது எது முதலில் நடக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதில்லை. எந்தச் செல் எதைச் சார்ந்திருக்கிறது என்று எக்செலே பார்த்து, கணக்கிடும் வரிசையை முடிவு செய்கிறது. 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் லாம்டா என்ற வசதியை எக்செலுக்கு அறிவித்தது. அதன் மூலம் நம் சொந்த ஃபங்ஷன்களை ஃபார்முலாவாகவே எழுதலாம். இந்த யோசனைகளின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், ஹேஸ்கல் மொழியை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ்.

மொழியின் குணம் மாறினால், அதில் பிழை தேடும் கருவியும் மாறுகிறது. டீபக்கிங் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது.

அம்புக்குறியைப் பிடித்துப் போனேன்

ஃபைலைத் திறந்தேன். அடியில் மூன்று செல்கள். "வர வேண்டியது" 76,000. "வந்தது" 69,500. "வித்தியாசம்" 6,500.

ஃபார்முலாவில் பிழை தேடும்போது "எப்போது தப்பானது?" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றுதான் கேட்க வேண்டும். அதற்கான கருவி எக்செலிலேயே இருக்கிறது. வித்தியாசம் இருக்கும் செல்லில் நின்று, ஃபார்முலாஸ் டேபில் ட்ரேஸ் பிரெசிடன்ட்ஸ் என்பதைக் கிளிக் செய்தேன். (எக்செல் 2003-ல் இது டூல்ஸ் மெனுவில், ஃபார்முலா ஆடிட்டிங் என்பதற்குள் இருந்தது.) உடனே இரண்டு நீல அம்புக்குறிகள் தோன்றின. ஒன்று "வர வேண்டியது" செல்லிலிருந்து, இன்னொன்று "வந்தது" செல்லிலிருந்து. மறுபடி கிளிக் செய்தால் அடுத்த தலைமுறை. ஆற்றங்கரையோரமாக மேலே நடந்து ஊற்றைத் தேடுவது போல!

லிப்ரே ஆஃபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கும் இந்த வசதி உண்டு. அங்கே இந்த மெனுவுக்குப் பெயரே டிடெக்டிவ்.

"வந்தது" செல்லில் இருந்தது ஒரு சாதாரண சம் ஃபார்முலா. நாற்பத்தெட்டு வீடுகளின் வரவைக் கூட்டுகிறது. அம்புக்குறி அந்த நாற்பத்தெட்டு செல்களையும் ஒரு கட்டமாக வளைத்துக் காட்டியது. ரேஞ்ச் சரி. ஆனால் விடை தப்பு.

இங்கே இன்னொரு தந்திரம் உதவியது. ஃபார்முலா பாரில் அந்த ரேஞ்சை மட்டும் மவுஸால் தேர்வு செய்து எஃப்9 அழுத்தினேன். ஃபார்முலாவின் அந்தப் பகுதி மட்டும் கணக்கிடப்பட்டு, நாற்பத்தெட்டு மதிப்புகளும் வரிசையாக வந்தன. 1500, 1500, 1500... நடுவில் இரண்டு 1500-களுக்கு மட்டும் மேற்கோள் குறி இருந்தது! அதாவது அவை எண்கள் அல்ல, எழுத்துக்கள். ஆன்லைனில் பணம் கட்டிய இரண்டு வீடுகளின் தொகையைப் பொருளாளர் பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். அவை டெக்ஸ்ட்டாக வந்து உட்கார்ந்துவிட்டன. சம் ஃபங்ஷன், ரேஞ்சில் இருக்கும் டெக்ஸ்ட்டை எந்தச் சத்தமும் போடாமல் விட்டுவிடும். இரண்டு வீடு, 3,000 ரூபாய்.

(எஃப்9 பார்த்து முடித்ததும் மறக்காமல் எஸ்கேப் அழுத்துங்கள். என்டர் அழுத்தினால் ஃபார்முலா போய் வெறும் எண்கள் நிலைத்துவிடும்.)

எக்செல் இதைச் சொல்லியிருக்காதா என்றால், சொல்லியிருக்கும். டெக்ஸ்ட்டாக இருக்கும் எண்ணுக்கு மூலையில் பச்சை முக்கோணம் காட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தவன் நான். டெக்ஸ்ட் என்றால் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். அதையும் அழகுக்காக நடுவில் வரும்படி மாற்றி வைத்திருந்தேன்.

அம்புக்குறி நின்றுபோன இடம்

மீதி 3,500 இருக்கிறது. இப்போது "வர வேண்டியது" பக்கம் போனேன். அது 48 பெருக்கல் 1,500, கூட்டல் அபராதம். மாதம் 10-ஆம் தேதிக்குப் பிறகு கட்டினால் 100 ரூபாய் அபராதம் என்பது எங்கள் விதி. அபராதச் செல்லில் 4,000 இருந்தது. அதில் நின்று ட்ரேஸ் பிரெசிடன்ட்ஸ் கிளிக் செய்தால், இந்தச் செல்லில் ஃபார்முலாவே இல்லை என்கிற தோரணையில் ஒரு செய்தி வந்தது.

உண்மைதான். அந்த 4,000-ஐ எழுதியது ஃபார்முலா அல்ல, என் மேக்ரோ. மேக்ரோ ஒரு செல்லில் எண்ணை எழுதிவிட்டுப் போய்விட்டால், நாம் கையால் டைப் செய்த எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. மேக்ரோ ஷீட்டை மாற்றிவிட்டால் அன்டூ பட்டியல்கூடக் காலியாகிவிடும்! ஃபங்ஷனல் உலகத்தின் எல்லை அங்கே முடிந்தது. இனி வேறு கருவி வேண்டும்.

எஃப்8 என்னும் மெதுவான நடை

ஆல்ட், எஃப்11 அழுத்தினால் விபிஏ எடிட்டர் திறக்கும். டர்போ சி-யில் எஃப்7 தட்டிப் பழகியவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. சந்தேகப்படும் வரியில் எஃப்9 அழுத்தினால் பிரேக்பாயின்ட். மேக்ரோ ஓடி வந்து அந்த வரியில் நிற்கும். பிறகு எஃப்8 அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாக நகரும். அடுத்து நடக்கப் போகும் வரியை மஞ்சள் நிறம் காட்டும். வியூ மெனுவில் லோக்கல்ஸ் விண்டோவைத் திறந்து வைத்தால், எல்லா வேரியபிள்களின் மதிப்பும் மாறுவது கண்ணெதிரே தெரியும்.

என் மேக்ரோ செய்வது இதுதான்: வீடு வீடாகச் சுற்றுகிறது. கட்டிய தேதி பத்தைத் தாண்டினால் அபராதம் என்ற வேரியபிளில் 100 போடுகிறது. பிறகு அதை மொத்தத்தில் கூட்டுகிறது. கடைசியில் மொத்தத்தை மட்டும் செல்லில் எழுதுகிறது.

எஃப்8 தட்டினேன். முதல் எட்டு வீடுகளுக்கு அபராதம் 0. ஒன்பதாவது வீடு 14-ஆம் தேதி கட்டியிருக்கிறது. அபராதம் 100. சரி. பத்தாவது வீடு 3-ஆம் தேதியே கட்டியிருக்கிறது. நிபந்தனை வரியை மஞ்சள் பட்டை தாண்டிப் போனது. ஆனால் லோக்கல்ஸ் விண்டோவில் அபராதம் இன்னும் 100!

புரிந்துவிட்டது. அந்த வேரியபிளை லூப்புக்குள்ளேயே டிம் போட்டு அறிவித்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாகப் பிறந்து 0 ஆகும் என்று நினைப்பு. விபிஏ-யில் அப்படி ஆகாது. லூப்புக்குள் டிம் இருந்தாலும் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். ஆக, ஒன்பதாவது வீட்டுக்காரரின் தாமதத்துக்கு அவருக்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும் தண்டனை. 9 முதல் 48 வரை நாற்பது வீடுகள், 4,000 ரூபாய். உண்மையில் தாமதமாகக் கட்டியவர்கள் ஐந்து பேர், 500 ரூபாய். வித்தியாசம் 3,500.

மூவாயிரமும் மூவாயிரத்து ஐந்நூறும் சேர்ந்தால் 6,500. பொருளாளர் ஒரு பைசா எடுக்கவில்லை. எடுத்தது என் புரோகிராம்.

இரண்டு பிழை, இரண்டு குணம்

இந்த இரண்டு பிழைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பிழை ஒரு மதிப்பைப் பற்றியது. எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். இரண்டாவது பிழை நேரத்தைப் பற்றியது. மேக்ரோ ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது உயிரோடு இருக்கும். ஓடி முடிந்ததும் வேரியபிள் மறைந்துவிடும், தடயமும் போய்விடும். அதனால்தான் கட்டளை மொழிகளுக்கு ஓட்டத்தை நிறுத்தி வைத்துப் பார்க்கும் கருவி தேவைப்பட்டது. லினக்ஸ் உலகத்தின் ஜிடிபி டீபக்கரை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதினார். அதன் அடிப்படையும் இதுவே: நிறுத்து, பார், ஓர் அடி நகர்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. ஓர் அடி அதிகமாகப் போய்விட்டால் திரும்ப முடியாது. விபிஏ-யில் மஞ்சள் அம்பை மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். ஆனால் வரிதான் பின்னால் போகும், மதிப்புகள் போகாது. கூட்டிய மொத்தம் கூட்டியதுதான். நான் அன்றிரவு அவசரத்தில் இரண்டு முறை பத்தாவது வீட்டைத் தாண்டிப் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

காலத்தில் பின்னோக்கி நடக்கலாமா?

இந்தக் கஷ்டத்துக்கு ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் ஒரு வழி காட்டினார்கள். ஓகேமல் மொழியோடு வரும் டீபக்கரில் பின்னோக்கி நடக்கும் கட்டளையே இருக்கிறது. புரோகிராம் ஓடும்போது இடையிடையே அதன் முழு நிலையையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பின்னால் போகச் சொன்னால், அதற்கு முந்தைய பிரதிக்குப் போய், அங்கிருந்து தேவையான இடம் வரை மறுபடி ஓட்டிக் காட்டும்.

இந்த வசதி கட்டளை மொழிகளுக்கும் உண்டு. 2009-ல் வந்த ஜிடிபி 7.0-ல் பின்னோக்கி நகரும் வசதி சேர்ந்தது. ஃபயர்பாக்ஸ் தயாரிக்கும் மொசில்லா, ஆர்ஆர் என்ற கருவியை 2014-ல் வெளியிட்டது. புரோகிராமின் ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டால், எத்தனை முறை வேண்டுமானாலும் அதே மாதிரி ஓட்டிப் பார்க்கலாம், பின்னாலும் போகலாம்.

ஹேஸ்கலில் என்ன சிக்கல்?

அப்படியானால் ஃபங்ஷனல் மொழியில் பிழை தேடுவது சுலபமா? அதுவும் இல்லை. ஹேஸ்கலை எடுத்துக் கொள்ளுங்கள். 1990-ல் அறிமுகமான இந்த மொழி ஒரு சோம்பேறி! ஒரு மதிப்பு நிஜமாகவே தேவைப்படும் வரை அதைக் கணக்கிடாது. நல்ல குணம்தான். ஆனால் "அடுத்த வரிக்குப் போ" என்று எஃப்8 தட்டினால் எந்த வரிக்குப் போகும்? நாம் எழுதிய வரிசைக்கும் கம்ப்யூட்டர் செய்யும் வரிசைக்கும் சம்பந்தம் இருக்காது. நிறுத்தி வைத்து ஒரு பெயரின் மதிப்பைப் பார்த்தால் "இன்னும் கணக்கிடவில்லை" என்பதற்கு அடையாளமாக ஓர் அடிக்கோடுதான் தெரியும்.

நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டுப் பார்க்கலாம் என்றால், சுத்தமான ஃபங்ஷனுக்குள் அதற்கு இடமில்லை. டீபக்கிங்குக்கென்றே ட்ரேஸ் என்ற ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் செய்திகளும் எதிர்பாராத வரிசையில் வரும். ஹேஸ்கலை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிலிப் வாட்லரே 1998-ல், ஃபங்ஷனல் மொழிகளை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். நல்ல டீபக்கர் இல்லாததும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஜிஹெச்சி கம்பைலரின் 2007-ஆம் ஆண்டு பதிப்பான 6.8-ல்தான் பிரேக்பாயின்ட் வைக்கும் டீபக்கர் சேர்ந்தது.

ஆனால் அந்த இடைவெளியில் அவர்கள் வேறு நல்ல கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வி கேட்கும் டீபக்கர். ப்ரோலாக் மொழிக்காக எஹுட் ஷபிரோ 1982-ல் உருவாக்கிய யோசனை இது. பிறகு ஹேஸ்கலுக்கும் வந்தது. டாக்டர் போல இது நம்மைக் கேட்கும்: "இந்த ஃபங்ஷனுக்கு இதைக் கொடுத்தால் இந்த விடை வந்தது. சரியா, தவறா?" ஒரு ஃபங்ஷனின் விடை தவறு, ஆனால் அது அழைத்த மற்ற ஃபங்ஷன்களின் விடை எல்லாம் சரி என்றால், பிழை அந்த ஃபங்ஷனில்தான்.

இரண்டாவது, 2000-ல் கோன் கிளாசென், ஜான் ஹியூஸ் இருவரும் வெளியிட்ட குவிக்செக். "ஒரு பட்டியலை இரண்டு முறை திருப்பிப் போட்டால் பழைய பட்டியலே வர வேண்டும்" என்பது போன்ற விதியை நாம் எழுதிக் கொடுத்தால், அதுவே நூறு மாதிரிகளைக் குத்துமதிப்பாக உருவாக்கிச் சோதிக்கும். தவறு கிடைத்தால், அதே தவறைக் காட்டும் சின்ன உதாரணமாகச் சுருக்கித் தரவும் செய்யும். ஃபங்ஷனுக்கு உள்ளே ரகசிய ஞாபகம் இல்லாததால், உள்ளே கொடுப்பதையும் வெளியே வருவதையும் பார்த்தாலே போதும். என் மேக்ரோவை இப்படிச் சோதித்திருந்தால் அன்றே மாட்டியிருக்கும்.

ஃபார்முலா என்றால் பத்திரமா?

அபராதக் கணக்கை மேக்ரோவிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வீட்டு வரியிலும் ஒரு இஃப் ஃபார்முலா. தேதி பத்தைத் தாண்டினால் 100, இல்லையென்றால் 0. ஒன்பதாவது வரியில் நடப்பது பத்தாவது வரிக்குத் தெரியவே தெரியாது. அந்த மாதிரிப் பிழை இனி வர வழியே இல்லை. நாற்பத்தெட்டு வரியும் கண்ணுக்குத் தெரிவதால், யாருக்கு எவ்வளவு என்று பொருளாளரே சரிபார்க்கலாம்.

அதற்காக ஃபார்முலாவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பிரபல பொருளாதார அறிஞர்கள் 2010-ல் வெளியிட்ட கட்டுரை, அரசாங்கக் கடன் பற்றி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது. 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் ஃபைலை வாங்கிப் பார்த்தார். சராசரி கணக்கிடும் ஃபார்முலாவின் ரேஞ்ச் ஐந்து வரிகள் முன்னதாகவே முடிந்திருந்தது. இருபது நாடுகளில் ஐந்து விட்டுப்போயிருந்தன. அந்தக் கட்டுரை மீது எழுந்த குறைகளில் இது ஒன்றுதான் என்றாலும், ட்ரேஸ் பிரெசிடன்ட்ஸ் ஒரு கிளிக்கில் காட்டியிருக்கக்கூடிய குறை இது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* விடை தப்பாக வந்தால் முதலில் பாருங்கள்: செல்லில் இருப்பது ஃபார்முலாவா, வெறும் எண்ணா? ஃபார்முலா என்றால் அம்புக்குறி. மேக்ரோ எழுதிய எண் என்றால் எஃப்8.
* நீளமான ஃபார்முலாவுக்கு எவால்யுவேட் ஃபார்முலா கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பகுதியாகக் கணக்கிட்டுக் காட்டும்.
* கவுன்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுன்ட்ஏ நிரம்பிய எல்லாச் செல்களையும் எண்ணும். வரவுக் காலத்தில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். என் ஃபைலில் 46, 48 என்று வந்திருக்கும்.
* மேக்ரோவின் முதல் வரியாக ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் எழுதுங்கள். வேரியபிள் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்தால் உடனே மாட்டும்.
* லூப்பில் வரும் வேரியபிளுக்கு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நீங்களே 0 கொடுங்கள்.
* பச்சை முக்கோணத்தை அணைக்காதீர்கள்!

அடுத்த கூட்டத்தில் லேப்டாப்பைக் கொண்டுபோய் இரண்டு பிழைகளையும் திரையில் போட்டுக் காட்டினேன். "தப்பு என்னுடையது. பொருளாளர் கணக்கு முதல் நாளிலிருந்தே சரி" என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்தவர் எழுந்து பொருளாளரிடம் வருத்தம் தெரிவித்தார்.

பொருளாளர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, ரசீதுப் புத்தகத்தையும் நான் எழுதிக்கொண்டே வரட்டுமா?"

"கண்டிப்பாக எழுதுங்கள் சார்" என்றேன். அதைவிட நல்ல டீபக்கர் அன்றிரவு என்னிடம் இருக்கவில்லை. சரியான விடை 72,500 என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான், கம்ப்யூட்டர் சொன்னது தப்பு என்று தேடவே ஆரம்பித்தேன்.